படம் இருக்கிறது, விவரம் எங்கே? அம்மாயிக்காக ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்த அனுபவம்

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, எண்பது வயது நிறைவதை ஒட்டி ஒரு டிஜிட்டல் ஸ்கிராப்புக் செய்து, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். மொத்தம் 28,000 ரூபாய் ஆனது. அதில் புத்தகம் அச்சடிக்க ஆனது வெறும் 6,500. மீதியெல்லாம் ஸ்கேன் கடைக்கும், செத்துப்போன ஹார்டு டிஸ்க்குக்கும், கிட் வாங்கியதற்கும் போனது. தூக்கம் கெட்டதற்குக் கணக்கு இல்லை. சேலத்தில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் கையில் படம் வந்துவிட்ட பிறகு செய்யும் வேலை அது. அறுபது வருஷத்துப் படங்களை எங்கிருந்தெல்லாம் திரட்டுவது, எதை எதற்குப் பிறகு வைப்பது, வாங்கிக் குவித்த அலங்காரச் சாமான்களை எப்படிப் பிரித்து வைப்பது என்று கேட்க எனக்கு ஒருத்தரும் கிடைக்கவில்லை. யூடியூபில் சொல்கிறவர்கள் எல்லாம் நன்றாகத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் பூஞ்சை பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காகிதம், பசை, கத்தரிக்கோல் வைத்து நோட்டில் படம் ஒட்டி, பக்கத்தில் நாலு வரி எழுதி, பூவும் ரிப்பனும் வைத்து அழகு பண்ணுவதுதான் ஸ்கிராப்புக். அதையே கணினியில் செய்தால் டிஜிட்டல். பின்னணிக் காகிதம், பூ, பொத்தான், எழுத்து எல்லாம் கோப்புகளாகக் கிடைக்கும். ஒரே நிறத்தில், ஒரே மனநிலையில் சேர்த்துக் கட்டி விற்பதைக் கிட் என்பார்கள். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் இதில் விழுந்தேன். என் மகள் படங்களை வைத்துச் சின்னச் சின்னப் பக்கங்கள் செய்து வந்தேன். அதனால் அம்மாயி புத்தகமும் சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நினைப்பு. மகள் படங்கள் எல்லாம் என் ஃபோனில் தேதியோடு பிறந்தவை. அம்மாயி படங்கள் அப்படியில்லை.

அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவர். அம்மா, சித்தி, மாமா மூன்று பேரும் அங்கேதான் பிறந்து வளர்ந்தார்கள். அப்புச்சிக்கு எழுதி வைக்கும் பழக்கம் அதிகம். கூலிக் கணக்கோ மழைக் கணக்கோ, எதுவாக இருந்தாலும் தேதி போட்டு எழுதிவிடுவார். அவர் சேர்த்த ஆல்பம் ஒன்று, கறுப்பு அட்டைப் பக்கம், இடையில் பட்டர் பேப்பர், படத்தின் நாலு மூலைக்கும் சின்ன முக்கோண உறை. ஏற்காட்டுப் பனியிலும் ஈரத்திலும் அத்தனை வருஷம் இருந்ததில் பல படங்களில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்து, ஸ்கேன் செய்ய நகரத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். படத்துக்கு இவ்வளவு என்று பேசினார்கள். "பழைய ஆல்பம் நைந்து போச்சுங்க, புது ஆல்பத்துல போட்டுத் தர்றோம்" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய் வாங்கினார்கள்.

வாங்கி வந்து அம்மாயியிடம் காட்டினேன். புது ஆல்பம் பளபளவென்று இருந்தது. பிசின் தடவிய பக்கம், மேலே பிளாஸ்டிக் தாள். அம்மாயி ஒரு படத்தைப் பார்த்தார், பக்கத்தைத் திருப்பினார், மறுபடி முன்னால் திருப்பினார். "ஏங் கண்ணு, பின்னாடி அவரு எழுதியிருப்பாரே, அது எங்க?" என்றார். அப்போதுதான் தெரிந்தது, ஒவ்வொரு படத்தின் முதுகிலும் அப்புச்சி ஊதா மையில் ஆள் பெயர், இடம், மாசம் எழுதி வைத்திருந்தார் என்று. கடையில் முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, பிசின் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, பல படங்களுக்கு முதுகில் பசையும் தடவி ஒட்டியிருந்தார்கள். வரிசையும் கலைந்திருந்தது. கல்யாணப் படத்துக்கு அடுத்து மாமாவின் பள்ளிக்கூடப் படம். பழைய ஆல்பத்தை "தூக்கிப் போட்டுட்டோம்" என்றார்கள். கடை வாசலில் நின்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தம் போட்டு என்ன பிரயோசனம்? அவர்களைப் பொறுத்தவரை கேட்டதைவிட நல்லதாகச் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

அதனால் பழைய ஆல்பம் வைத்திருக்கிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது: யாரிடமும் கொடுப்பதற்கு முன், ஒரு படத்தைக்கூட எடுக்காமல், ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் பிடித்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் போதும், அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்தப் படம் எதற்கு அடுத்து இருந்தது என்பதே பாதித் தேதி. பிறகு ஒவ்வொரு படமாக எடுத்து முதுகைப் பாருங்கள்; எழுத்தோ ஸ்டுடியோ முத்திரையோ இருந்தால் அதையும் பிடியுங்கள். கடையில் கொடுத்தால் இரண்டு பக்கமும் ஸ்கேன் வேண்டும், வரிசை மாறக் கூடாது, ஓரத்தை வெட்டக் கூடாது, நிறத்தைத் திருத்தக் கூடாது, ஒட்டக் கூடாது என்று காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது கல்லாவிலிருந்து உள்ளறைக்குப் போவதற்குள் மறைந்துவிடும். பூஞ்சை பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம். படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலத்தைத்தான் பூஞ்சை தின்கிறது. தண்ணீர் பட்டால் அது இளகி, படமும் சேர்ந்து வந்துவிடும். சில நாள் காய்ந்த இடத்தில் வைத்து, பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யலாம். பிசின் ஆல்பத்தில் மாட்டியவற்றை எடுக்கப் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் உதவுகிறது; படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு மெதுவாக இழுத்தால் பிரியும். அப்படிச் சில படங்களை மீட்டேன். பசை தடவியவை வரவேயில்லை. ஒரு படத்தில் 'கோபால், சேர்வராயன் கோயில், மே' என்பது வரை வந்து, வருஷம் பசையோடு நின்றுவிட்டது. சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம் நடக்கும் என்பதால் மாதம் எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். தெரியாததுதான் போயிற்று.

ஸ்கேன் அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், இதைத்தான் டிபிஐ என்கிறார்கள். 12-க்கு 12 அங்குலப் பக்கம் என்றால் 3600-க்கு 3600 பிக்சல். நாலுக்கு ஆறு அங்குலப் படத்தை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் அதே அளவில்தான் அச்சிடலாம். 600-இல் செய்தால் இரு மடங்கு பெரிதாக்கலாம். பழைய படங்கள் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும் என்பதால் 600-க்குக் குறையாமல் கேளுங்கள், மூலப் பிரதியைத் தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் வாங்குங்கள். நெகட்டிவ் கிடைத்தால் அதுவே மேல். 35 மிமீ நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்தால் சுமார் 3400-க்கு 2270 பிக்சல் கிடைக்கும். எங்கள் வீட்டில் நெகட்டிவ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

வரிசை போன பிறகு படத்துக்குள்ளேயே துப்பு தேட வேண்டியதாயிற்று. சொல்லப்போனால் இந்த வேலை முழுவதிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். படத்தைப் பெரிதாக்கி, முகங்களை விட்டுவிட்டு, பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு படத்தில் கடைப் பலகை, 'நாமக்கல், சேலம் மாவட்டம்' என்று. நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். ஆக அதற்கு முந்தையது. மாமா ஒரு பஸ் முன்னால் சாய்ந்து நிற்கிறார், பஸ்ஸில் 'அண்ணா போக்குவரத்துக் கழகம்'. சேலத்துப் பஸ்களில் அந்தப் பெயர் 1970-களில் வந்து, தலைவர்கள் பெயரை எடுத்த 1997-இல் போனது. வண்டி நம்பர் டிஎன் 30 என்று இருந்தால் 1989-க்குப் பின், ஏனென்றால் எழுத்தோடு இரண்டு இலக்கம் சேர்ந்த இந்த முறை அப்போதுதான் வந்தது. முகவரியில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். பலகையில் லை, னை எல்லாம் பழைய கொம்போடு இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். ஆனால் இதை முழுசாக நம்ப முடியாது, பெயிண்டர்கள் கை பழகிய எழுத்தைப் பல வருஷம் விடவில்லை. இரண்டு துப்பு ஒத்துப்போனால் மட்டும் வருஷம் போட்டேன்.

மீதிக்கு அம்மாயிதான். அவரோடு உட்காரும்போது ஃபோனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் முதலில் அதன் எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பேசச் சொன்னேன். இது பெரிய உதவி. இல்லாவிட்டால் பின்னால் கேட்கும்போது எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றே தெரியாது. காகிதத்தில் குறிக்கப் போனால் அவர் வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியாது, நாம் எழுதி முடிக்கட்டும் என்று அவரும் நிறுத்திவிடுவார், கதை அறுந்துவிடும். நான் கிளியூர் அருவி என்று பெயர் போட்டு வைத்திருந்த படத்தைப் பார்த்து, "இது அருவி இல்ல கண்ணு, எஸ்டேட்டுக்குப் பின்னால ஓடற ஓடை. மழை பெஞ்சா அப்படித்தான் கொட்டும். உங்கம்மா அதுலதான் ஒரு செருப்பை விட்டுட்டு வந்து அடி வாங்கினா" என்றார். 'எந்த வருஷம்' என்று கேட்டால் அவருக்கு வராது. 'மாமா பிறந்திருந்தாரா, வயித்துல இருந்தாரா' என்று கேட்டால் உடனே வரும். ஒரே மூச்சில் நிறையப் படம் காட்டாதீர்கள். களைத்துப்போனால் எல்லாரையும் 'அது யாரோ எஸ்டேட்டு ஆளு' என்று சொல்லிவிடுவார்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்க, முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள், அப்புறம் இடம், ஆள் என்று ஒரே முறையை வைத்துக்கொண்டேன். மாதம் தெரியாவிட்டால் அந்த இடத்தில் 00. இப்படி வைத்தால் கணினி தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நாள் முதலில், வருஷம் கடைசியில் என்று நம் வழக்கப்படி வைத்தால் எல்லா வருஷத்து ஒன்றாம் தேதிப் படங்களும் ஒன்றாக வந்து நிற்கும். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழை உள்ளே விளக்கத்தில் எழுதினேன். தமிழில் வைத்த பெயர்களைச் சில பழைய ஜிப் மென்பொருள் கட்டம் கட்டமாக ஆக்கிவிடுகிறது.

இனி ஃபோன் படங்கள். 2005-க்குப் பிறகு உள்ளவை எல்லாம் டிஜிட்டல்தானே, தொல்லை இல்லை என்று நினைத்தால், அங்கேதான் குப்பை அதிகம். சொந்தக்காரர்களிடம் "அம்மாயி படம் இருந்தா அனுப்புங்க" என்று குடும்பக் குழுவில் போட்டேன். ராத்திரிக்குள் ஃபோன் நிரம்பிவிட்டது, பாதி காலை வணக்கப் படங்கள் உட்பட. வாட்ஸ்அப்பில் வரும் படம் சாதாரணத் தரத்தில் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலாகச் சுருங்கிவிடும். 300-ஆல் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம். பக்கத்தில் சின்னதாக வைக்கலாம், முழுப் பக்கம் விரித்தால் முகம் பிசிறு தட்டும். அதைவிட மோசம், எடுத்த தேதி, நேரம், கேமரா என்று படத்துக்குள் இருக்கும் எக்ஸிஃப் தகவலை வாட்ஸ்அப் துடைத்துவிடுகிறது. கோப்புப் பெயரில் ஐஎம்ஜி-20190114-டபிள்யூஏ என்று ஒரு தேதி இருக்குமே, அது படம் எடுத்த தேதி இல்லை, அந்த ஃபோனுக்கு அது வந்து சேர்ந்த தேதி. இதை நம்பி மாமா பெண் வளைகாப்பை ஒரு பொங்கலுக்கு நடந்ததாக அடுக்கியிருந்தேன். அனுப்புகிறவர்களிடம், கேலரியில் இருந்து அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்; அப்படி அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே வரும். வயதானவர்களுக்கு இதை ஃபோனில் விளக்குவதைவிட, நேரில் போய்க் கேபிள் போட்டு எடுத்துக்கொள்வது நல்லது. காப்பியும் தட்டுவடை செட்டும் கிடைக்கும்.

பழைய டிஜிட்டல் கேமராவில் இன்னொரு வில்லங்கம். பேட்டரி செத்துப் புதுசு போட்டால் உள்ளே இருக்கும் கடிகாரம் தொழிற்சாலைத் தேதிக்குத் திரும்பிவிடும்; யாரும் அதைத் திருத்துவதில்லை. சித்தியின் கேமராவில் ஒரு கிரகப்பிரவேசம், ஒரு காதுகுத்து, ஏற்காடு கோடை விழா மூன்றும் ஒரே ஜனவரி முதல் வாரத்தில் நடந்திருந்தன. இதற்கு வழி உண்டு. ஒரு தடவை பேட்டரி மாற்றியதற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே எடுத்தவற்றில் ஒரு படத்தின் சரியான தேதி மட்டும் தெரிந்தால் போதும், அந்த வித்தியாசத்தை அந்தத் தொகுதி முழுவதற்கும் மொத்தமாகக் கூட்டிவிடலாம். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் அது இருக்கிறது. ஒரே மாதிரிப் படங்களையும் அது தேடிக் காட்டும். ஆனால் இரட்டைகளை அழிக்கும் வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு மென்பொருளிடம் விடாதீர்கள். எது பெரிய கோப்பு, எதில் தேதி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதை அழியுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் வைத்திருந்த படங்களை டேக்அவுட் என்ற மொத்தமாக இறக்கும் வசதி வழியாக இறக்கியபோது, நான் அங்கே உட்கார்ந்து திருத்திய தேதிகளும் எழுதிய குறிப்புகளும் படத்தோடு வராமல் ஜேசன் என்று தனிக் கோப்பாக வந்தன. அவற்றைப் படத்தோடு சேர்ப்பது தனி வேலை.

இப்போது சாமான்கள். கிட் வாங்குவது ஒரு பொழுதுபோக்கு, பக்கம் செய்வது வேறொரு பொழுதுபோக்கு, இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். ஒரு கிட்டுக்குள் பின்னணிப் பேப்பர் ஜேபிஜியாகவும், பூ, இலை, ஃபிரேம் எல்லாம் பின்னணி இல்லாத பிஎன்ஜியாகவும், டெம்ப்ளேட் இருந்தால் பிஎஸ்டி என்ற போட்டோஷாப் கோப்பாகவும் வரும். ஒவ்வொன்றும் சில நூறு எம்பி. எல்லாப் பேப்பரையும் ஒரே ஃபோல்டரில், எல்லாப் பூவையும் இன்னொன்றில் கொட்டுவது பார்க்க வசதியாகத் தோன்றும். ஆனால் பல டிசைனர்கள் பேப்பர் 1, பேப்பர் 2 என்றே பெயர் வைக்கிறார்கள். ஒன்றின் மேல் ஒன்று விழுந்து அழிந்துவிடும். யாருடையது என்பதும் போய்விடும். அது போனால், சொந்த உபயோகத்துக்கு மட்டுமா, விற்கவும் அனுமதி உண்டா என்று சொல்லும் நிபந்தனைக் கோப்பும் எதற்குரியது என்று தெரியாது. நான் கடைசியில் நின்ற முறை: டிசைனர் பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே கிட் பெயரில் ஒன்று, அதற்குள் எல்லாம் வந்தபடியே. முன்னோட்டப் படத்தையும் நிபந்தனைக் கோப்பையும் அதிலேயே விட்டேன். நிறம், வகை, விசேஷம் எல்லாவற்றுக்கும் டேக், அதாவது தேடுவதற்கான அடையாளச் சொல். 'பச்சை, இலை' என்று தேடினால் எல்லாக் கிட்டிலிருந்தும் வந்து நிற்கும். குடும்பப் படங்களையும் சாமான்களையும் ஒரே தொகுப்பில் வைக்காதீர்கள். 'மல்லிகை' என்று தேடினால் அம்மாயி கொண்டையும் வரும், கடையில் வாங்கிய பூவும் வரும்.

கிட்டுகளில் எனக்கு இருந்த பெரிய மனக்குறை, எல்லாம் பனிமனிதனும் பழுத்த மேப்பிள் இலையும்தான். ஏற்காட்டில் பனி உண்டு, மனிதன்தான் இல்லை. 2,700 ரூபாய்க்கு வாங்கியதில் இந்தப் புத்தகத்துக்குப் பயன்பட்டவை சில பேப்பர்களும் இரண்டு ஃபிரேமும். பிறகு நானே சாமான் செய்ய ஆரம்பித்தேன். அப்புச்சியின் வெண்பட்டு வேட்டிக் கரையைத் தட்டை ஸ்கேனரில் மடித்து வைத்து 450 டிபிஐயில் எடுத்தேன். ஏ4 ஸ்கேனரின் அகலம் எட்டேகால் அங்குலம்தான் என்பதால், 12 அங்குலப் பக்கத்தை நிறைக்க அவ்வளவு வேண்டும். நூல் நூலாகத் தெரிந்தது, ஒரு கறை உட்பட. கறையை எடுக்கவில்லை. கோடை மழைக்குப் பிறகு காப்பிச் செடி பூக்கும்போது, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் அந்த வெள்ளைப் பூவைக் கறுப்புத் துணி விரித்துப் படம் எடுத்து, பின்னணியை நீக்கி பிஎன்ஜி ஆக்கினேன். வாசல் கோலம், எஸ்டேட் சம்பளச் சீட்டு, மாமாவின் பஸ் பாஸ் எல்லாம் இப்படியே சாமானாகின. இவற்றுக்கும் ஒரு கிட் மாதிரியே ஃபோல்டர் போட்டு, டிசைனர் பெயர் இருக்கும் இடத்தில் 'வீடு' என்று வைத்தேன்.

தமிழ் எழுத்தில் ஒரு முழு வாரக்கடைசி போனது. போட்டோஷாப்பில் 'கொண்டை' என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி எங்கேயோ நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அது எழுத்துருவின் கோளாறு இல்லை. என்னிடம் இருந்த பதிப்பில் ப்ரிஃபரன்ஸஸில் டைப் என்ற பகுதியில் தெற்காசிய எழுத்துகளுக்கான தெரிவு ஒன்று இருந்தது, அதை இயக்கி, பேராகிராஃப் பேனலில் வேர்ல்டு ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்ததும் சரியாகிவிட்டது. இலவச மென்பொருளான கிம்பில் இந்தத் தொல்லையே இல்லை. யூனிகோட் எழுத்துரு மட்டும் பயன்படுத்துங்கள். பாமினி மாதிரிப் பழைய முறையில் அடித்தால், நாளைக்கு அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். கிடைத்த எழுத்துருவையெல்லாம் நிறுவி வைப்பதும் வேண்டாம், மென்பொருள் திறக்கவே நேரம் பிடிக்கும்.

பக்கங்கள் முக்கால்வாசி முடிந்திருந்த சமயம், வெளி ஹார்டு டிஸ்க்கில் 'டக், டக்' என்று சத்தம் வந்தது. கணினியில் அதன் பெயர் வந்து வந்து மறைந்தது. சேலத்தில் பழுது பார்க்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் ராத்திரி முழுக்க மீட்பு மென்பொருளை ஓட விட்டிருக்கிறார். காலையில் டிஸ்க் சுழலவேயில்லை. அந்தச் சத்தம் வந்தால் உடனே பிடுங்கிவிட வேண்டும், மறுபடி செருகிப் பார்க்கவே கூடாது என்று பிறகு பெங்களூருவில் மீட்டுக் கொடுத்தவர்கள் சொன்னார்கள். உள்ளே படிக்கும் முனை பழுதாகியிருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் தட்டைக் கீறிக்கொண்டே இருக்குமாம். 14,000 ரூபாய். அந்தப் பார்சல் திரும்பி வரும் வரை வீட்டில் யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன். அம்மாயியிடம் சொல்லவில்லை.

வந்து சேர்ந்தபோது பெரும்பாலான படங்கள் இருந்தன. ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. கோப்புப் பெயர்களும் இல்லை. எஃப் என்ற எழுத்தும் ஏழெட்டு இலக்கங்களுமாக ஆயிரக்கணக்கில் வந்திருந்தன. நான் அத்தனை நாள் வைத்த வருஷம், மாதம், இடம் எல்லாம் மாயம். அம்மாயி படமும் மேப்பிள் இலையும் ஒரே குவியல். ஆனால் டிஜிகேமில் விளக்கமும் டேக்கும் எழுதியபோது, அதைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி அமைப்பில் டிக் போட்டிருந்தேன். யாரோ சொல்லிப் போட்டது, அப்போது அதன் அருமை தெரியாது. மீண்டு வந்த குவியலை டிஜிகேமில் திறந்ததும், விளக்கம் எழுதிய படங்கள் எல்லாம் ஆள் பெயரோடும் இடத்தோடும் தானாகவே பிரிந்து வந்தன. 'ஓடை, அருவி இல்லை' என்று அம்மாயி சொல்லி நான் எழுதியதுகூட இருந்தது. எழுதாமல் ஃபோல்டர் பெயரை மட்டும் நம்பி விட்டவற்றை மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. கடைக்காரர் பசை போட்டு மறைத்தது படத்தின் முதுகை. கோப்புக்கு முதுகு என்று ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த இடம்தான். உங்கள் மென்பொருள் எதுவாக இருந்தாலும், விவரத்தைத் தன் தரவுத்தளத்தில் மட்டும் வைத்துக்கொள்கிறதா, படத்துக்குள் எழுதுகிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒரு படத்தில் எழுதி, அதை வேறு கணினிக்கு அனுப்பித் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

கிட்டுகளைக் கடைகளின் கணக்கில் மறுபடி இறக்கிக்கொள்ள முடிந்தது, எல்லாக் கடையிலும் இல்லை. கடை மூடிவிட்டால் போனதுதான். அதனால் ஜிப்பை அழிக்காமல் தனியாக ஒரு நகல் வைத்திருங்கள். பக்கங்களுக்கு இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர்: பிஎஸ்டி, அதில் வைத்த படங்களின் நகல், எந்தக் கிட், எந்த எழுத்துரு என்று நாலு வரிக் குறிப்பு. பாழான பக்கங்களைத் திரும்பச் செய்தபோது இந்தக் குறிப்பு இருந்தவை சீக்கிரம் முடிந்தன.

அச்சில் பெரிய சிக்கல் இல்லை. ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டேன், நிறத்துக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பை வைத்தேன், முழுப் புத்தகத்துக்கு முன் ஒரு பக்கம் மட்டும் அடித்துப் பார்த்தேன். திரையில் தெரிந்ததைவிடக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருட்டாக வந்தன, கொஞ்சம் வெளிச்சம் கூட்டினேன். அம்மாயி புத்தகத்தை வாங்கி, முதலில் படங்களைப் பார்க்கவில்லை. வேட்டிக் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அச்சா?" என்றார். பிறகு இரண்டு இடத்தில் பெயர் தப்பு என்றார். அதை உடனே கோப்புக்குள்ளும் திருத்திவிட்டேன்.

இப்போது எல்லாம் மூன்று பிரதி. ஒன்று வேலை செய்யும் கணினியில், ஒன்று பீரோவில் இருக்கும் டிஸ்க்கில், ஒன்று ஆத்தூரில் சித்தி வீட்டில். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்பது ஒளிப்படக்காரர்கள் சொல்லும் கணக்கு. சாதனம் மட்டும் எனக்கு இன்னும் ஒரே வகைதான், படங்களை மட்டுமாவது இணையச் சேமிப்பிலும் போடப் பார்க்கிறேன். பொங்கலுக்கும் ஆடிப் பெருக்குக்கும் ஆத்தூர் போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்கிறோம். கொடுப்பதற்கு முன் செருகி, ஏதாவது பத்துப் படங்களைத் திறந்து, விளக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். சித்தி அதை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைக்கிறார், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு ஒரு டப்பாவில் போட்டு.